அம்மன் கேட்ட மாத்திரை

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது, தாயி. நோய் என்று சொன்னால் அம்மனுக்குக் கோபம் வரும். அம்மன் என்று சொன்னால் டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும். இரண்டு பேரில் யாரைப் பகைத்துக்கொள்வது? நான் ஆறாவதோடு நின்றவள். எதை முன்னால் வைக்க வேண்டும், எதைப் பின்னால் வைக்க வேண்டும் என்று கோவையாகச் சொல்ல வராது. குறுக்கே கேள்வி கேட்டால் மறந்துவிடுவேன். கேட்காவிட்டாலும் மறந்துவிடுவேன்.

ஆனால் நீ பார்த்துவிட்டாய். பஸ் கிளம்பும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்து, மாத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்கினேன். "என்னம்மா, கோயில் பிரசாதமா?" என்று கேட்டாய். கேட்டவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? பிரசாதம்தான். ஆஸ்பத்திரிப் பிரசாதம். அதை வாங்கத்தான் இப்போதும் போகிறேன்.

அந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளு. முன் சீட்டுக்காரர் காலையிலேயே வடையைப் பிரித்துவிட்டார். காறிய எண்ணெய். இப்போது பரவாயில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஒரு காலத்தில் இந்த வாடைக்கு ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கியிருப்பேன்.

போன ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சி வாடை மூக்கில் ஏறியது. இத்தனை வருஷமாக வடித்த அதே சோறு, அதே கஞ்சி. அன்றைக்கு ஒரு அருவருப்பு வந்தது பார், குடலைப் பிடுங்குகிற மாதிரி. பானையை அப்படியே போட்டுவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பிடிக்காமல் போயிற்று. தாளிக்கிற வாடை. சீப்பில் சுற்றிக் கிடக்கிற முடி. ஈரத் துண்டு. என் வீட்டுக்காரர் மர மில்லில் வேலை பார்க்கிறார், அவர் சட்டையெல்லாம் மரத்தூளாக இருக்கும். கல்யாணமான புதிதில் அந்த வாடை எனக்குப் பிடிக்கும். சொன்னால் வெட்கம். அதுவும் போயிற்று. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

கடைசியில் என் மேலேயே அருவருப்பு. குளிக்க வேண்டும் என்று தோன்றும். எழுந்திருக்க வேண்டும், கொல்லைக்குப் போக வேண்டும், தண்ணீர் மொள்ள வேண்டும், மேலே ஊற்ற வேண்டும். நினைக்கும்போதே அசந்துபோவேன். குளிக்காமல் என் நாற்றம் எனக்கே தாங்காது. அதற்கும் அழுவேன். அழுதுகொண்டே படுத்திருப்பேன். இதை யாரிடம் சொல்லிப் புரியவைப்பது?

எதிர்வீட்டு மாரிக்கனிக்கு வாய் சும்மா இருக்காது. குழாயடியில் எல்லாரையும் வைத்துக்கொண்டு, "என்ன வேலுத்தாய், சோறு கண்டாலே குமட்டுதாமே? பேரன் எடுக்கிற வயசுல மாங்காய் கேக்குதோ?" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அதுதான் தாயி பயம். நான் சண்டைக்காரி. எங்கள் தெருவில் என் வாய்க்குப் பயந்துதான் குழாயடியில் வரிசை நிற்கும். அப்பேர்ப்பட்டவள் பதில் சொல்லாமல் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மாரிக்கனியே பயந்துபோய்க் குடத்தை நிரப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்தாளாம்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஒரு கேள்விதான் கேட்பார். "உனக்கு என்ன குறை? மகளைக் கட்டிக்குடுத்தாச்சு. சொந்த வீடு. நான் குடிக்கிறேனா? அடிக்கிறேனா?" குடிக்கவில்லை, அடிக்கவில்லை. ஆகையால் எனக்குச் சீக்கு வரக்கூடாது. அவர் நியாயம் அவருக்கு.

வீட்டில் இன்னொருத்தி உண்டு. அவர் அக்கா. எனக்கு மதினி முறை. சிந்தாமணி என்று பெயர். புருஷன் செத்ததும் பெட்டியோடு வந்தவள், வந்தவள்தான். அவளைப் பற்றிப் பேசினால் என் வாய் நாறும். ஆனாலும் பேசாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நான் படுத்துக் கிடக்கும்போது வாசற்படியில் நின்று, "மகாராணிக்கு இன்னும் விடியலையோ?" என்பாள். இவள் என்னவோ விடியுமுன் எழுந்து கோலம் போடுகிறவள் மாதிரி. அவளும் அடுப்படி மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எப்போது பார்த்தாலும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். சோறு போட்டால் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டுக் கோழிக்குக் கொட்டுவாள். அதெல்லாம் நடிப்பு. தம்பி பார்த்து "அக்கா சாப்பிடலையா" என்று கேட்க வேண்டும், அதற்கு. சோம்பேறிக்கு ஆயிரம் சீக்கு.

என் கதைக்கு வருகிறேன்.

மகள் செவ்வந்தியை அருப்புக்கோட்டையில் கொடுத்திருக்கிறோம். பார்க்க வந்தவள், ஒன்றும் கேட்காமல் சீப்பை எடுத்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்தாள். தலை பூராவும் சிக்கு. தேங்காய் எண்ணெய் போட்டு ஒவ்வொரு முடியாக எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சும்மாதான் சொன்னேன், "நான் இருந்து என்னடி ஆகப்போகுது?" என்று. பின்னால் சீப்பு நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கிறேன், சத்தமில்லாமல் அழுகிறாள். மறுநாள் காலையில் பஸ் ஏற்றிவிட்டாள்.

இதே பஸ்தான். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரி மாடியில் போர்டைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் எனக்கு. மனநலப் பிரிவு. "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டு வந்த?" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். செவ்வந்தியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "சரி, நீ எந்திரிக்கிறப்ப எந்திரி. எனக்கு வேற வேலை இல்லை" என்றாள். எவ்வளவு நேரம் போகிறவர் வருகிறவர் காலைப் பார்த்துக்கொண்டிருப்பது? எழுந்தேன்.

உள்ளே பெஞ்சு நிறைய ஆள். எனக்கு அவர்கள் பக்கத்தில் உட்காரவே கூசியது. நல்ல சேலை கட்டினவர்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி ஒருவர், ஒரு போலீஸ்காரர்கூட. இவர்களுக்கெல்லாம் என்ன கேடு என்று நினைத்தேன். நான் மட்டும் ஏதோ தவறி வந்த மாதிரி முந்தானையைச் சுருட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பூதகணம் மாதிரி ஒருத்தி இருப்பாள் என்று நினைத்திருந்தேன். எல்லாம் கேட்டார். தூக்கம், சாப்பாடு, அழுகை, சாகணும் என்று தோன்றுகிறதா என்றுகூட முகத்துக்கு நேரே கேட்டார். யாரும் அப்படிக் கேட்டதில்லை. "அப்பப்ப" என்று சொல்லிவிட்டேன். செவ்வந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, நான் சோம்பேறி ஆயிட்டேன். வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

"படுத்திருக்கீங்களே, சுகமா இருக்கா?"

"எங்கே சுகம்? நெருப்புல படுத்த மாதிரி இருக்கு."

"சோம்பேறிக்குப் படுத்திருந்தா சுகமா இருக்கும்மா. உங்களுக்கு இல்லையே. அப்ப இது சோம்பேறித்தனம் இல்ல. இதுக்குப் பேரு மனச்சோர்வு நோய்."

தாயி, இதை நான் இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன். எத்தனை பேர் என்னைச் சோம்பேறி என்றார்கள். யாராவது ஒருத்தர் சுகமா இருக்கா என்று கேட்டார்களா?

எதனால் வருகிறது என்று செவ்வந்தி கேட்டாள். ஒரே காரணம் என்று எதையும் கை காட்ட முடியாது என்றார். எனக்கு அந்த வருஷம்தான் வீட்டு விலக்கு நின்றிருந்தது, உடம்பு மாறுகிற காலம் என்றார். மகள் போனதும் வீடு வெறிச்சிட்டதும் சேர்ந்திருக்கலாம். தூக்கம் கெட்டால் வரும், வந்தால் தூக்கம் கெடும். கழுத்துச் சுரப்பியில் கோளாறு இருந்தாலும் இப்படி இருக்கும் என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். அது சரியாகத்தான் இருந்தது. சில பேருக்குக் குடும்ப வழியில் வருமாம்.

"உங்க பக்கத்துல யாருக்காவது இப்படி இருந்திச்சா?"

"எங்க பக்கத்துல யாருக்கும் கிடையாது."

"அம்மா இருக்காங்களா?"

"நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே செத்துட்டா. கிணத்துல வழுக்கி விழுந்துட்டா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எதற்குப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் ஊர்க் கிணற்றுப் படி பாசி பிடித்தது. ஈரக் கல் வழுக்கும். அம்மா விழுந்ததற்கு முந்தின மாசம் முழுக்கப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை, கால் பலமில்லாமல் போயிருக்கும். அதனால் வழுக்கியது. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

மாத்திரை கொடுத்தார். "இன்னைக்குப் போட்டா நாளைக்குத் தெரியாது. சில வாரம் ஆகும். நல்லாயிட்ட மாதிரி இருந்தாலும் நீங்களா நிறுத்தக் கூடாது. நிறுத்துறப்ப நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பேன்" என்றார். அடுத்த அறையில் ஒரு பெண் உட்கார்ந்து பேசுவாள், பேசவைப்பாள். அவள் ஒரு பாடம் கொடுத்தாள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை. மனசு வந்தாலும் வராவிட்டாலும் செய்ய வேண்டும். செய்து முடித்ததும் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு முதல் வேலை தலை வாருவது.

வீட்டில் தலையை வாரிவிட்டு, "தலை வாரிட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். மதினி அடுப்படி மூலையிலிருந்து, "ஊர்ல தண்டோராப் போடவா?" என்பாள். ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் வாரி முடிக்கிறவரை கண்ணெடுக்க மாட்டாள். என்ன பார்வை அது, கண் பட்டுவிடும் என்று நான் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

தையில் ஒருநாள் மாரிக்கனி என் குடத்தைத் தள்ளி வைத்தாள். நான் அவள் ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டேன். தெருவே சந்தோஷப்பட்டது. மாரிக்கனிதான் முதலில், "வேலுத்தாய்க்குச் சொகமாயிருச்சுடி" என்று சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிப் போட்டபோது மரத்தூள் வாடை வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதற்குமேல் உன்னிடம் சொல்ல மாட்டேன்.

இதோடு நின்றிருந்தால் நான் ஏன் மாத்திரையைக் கண்ணில் ஒற்றப் போகிறேன்?

பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பொங்கல். செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கிறவரை தாளிக்கக் கூடாது, கறி மீன் ஆகாது, வெளியூர் போய்த் தங்கக் கூடாது. என் வீட்டுக்காரர் எனக்குச் சுகமானால் தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தார். சுகமாகிவிட்டது, எடுக்க வேண்டும். அவர் கையில் மஞ்சள் கயிறு கட்டி வீட்டுக்குள் கால் வைக்கிறார், மதினி வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டுச் சொல்கிறாள்: "அம்மா வீட்டுக்குள்ள வந்துட்டா. இனிமே இங்கிலீஷ் மருந்து இந்த வீட்ல ஆகாது."

அம்மை போட்ட வீட்டில் மருந்து கூடாது என்பார்கள் அல்லவா? அதே நியாயம். அம்மன் இருக்கிற இடத்தில் மருந்து சாப்பிட்டால் அவளை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு, "அக்கா சொல்றது சரிதான். உனக்குத்தான் சொகமாயிருச்சே" என்றார்.

"நீங்க சர்க்கரை மாத்திரை போடுறீங்களே?" என்றேன்.

"அது உடம்புக்கு. உடம்புக்கு டாக்டர் வேணும். உன்னது மனசுக்கு. மனசுக்கு அம்மா இருக்கா."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா? நீ படித்தவள் மாதிரி இருக்கிறாய். உனக்கும் தெரியாது. மதினி என் மாத்திரை அட்டைகளை மஞ்சள் துணியில் முடிந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, உத்தரத்து ஆணியில் மாட்டிவிட்டாள். காப்பு அவிழ்த்ததும் எடுத்துக்கொள் என்றாள். ஸ்டூல் மேல் ஏறினாலும் எனக்கு எட்டாது. நான் குள்ளம்.

அந்த வேடிக்கையைக் கேள். முதல் இரண்டு மூன்று நாள் நான் நன்றாக இருந்தேன். ஊரில் ஒரு வீட்டிலும் தாளிக்கவில்லையே! எண்ணெய் வாடையே இல்லை. வேப்பிலை, மஞ்சள், சாம்பிராணி. மூச்சு இழுக்கவே சுகமாக இருந்தது. "பாத்தியா, மாத்திரை இல்லாம எப்படி இருக்கா" என்று என் வீட்டுக்காரர் மில்லில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார். நானே நம்பிவிட்டேன்.

அப்புறம் வந்தது. தலையைத் திருப்பினால் வீடு கொஞ்சம் பின்தங்கித் திரும்பியது. மண்டைக்குள் சுரீர் சுரீர் என்று, கெட்டுப்போன சுவிட்சை ஈரக்கையால் தொட்ட மாதிரி. கண்ணை மூடினால் கெட்ட கனவு. காரணமில்லாமல் கண்ணீர். அதற்குப் பிறகு பழைய அருவருப்பு, விட்ட இடத்திலிருந்து. தாளிப்பு இல்லாவிட்டால் என்ன, சாம்பிராணியே குமட்டியது. கூழ் குமட்டியது. முளைப்பாரிச் சட்டியில் வெளுப்பாக நீண்டு நிற்கிற பயிரைப் பார்த்தால் புழு நெளிகிற மாதிரி இருந்தது. சாமி காரியத்தைப் பார்த்து அப்படி நினைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மறுபடியும் அப்படித்தான் தெரிந்தது.

மாத்திரையை எடுத்துக் கொடுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்க" என்றார். செவ்வந்தி பிள்ளை உண்டாகியிருந்தாள், முதல் மாசம், அவளை வரச் சொல்லவில்லை. மாரிக்கனியிடம் கேட்டேன். காப்புக் கட்டிய வீட்டு உத்தரத்தில் அவள் கை வைப்பாளா? ஓடிப்போய்விட்டாள்.

பொங்கலன்று சாயங்காலம் முளைப்பாரியைக் கோயில் கிணற்றுக்குக் கொண்டுபோவார்கள். பொம்பளைகளெல்லாம் தலையில் சட்டியோடு. என் தலையிலும் ஒன்று. கிணற்றடியில் இறக்கி வைத்துவிட்டுக் கும்மி கொட்டினார்கள். வியர்வை, மல்லிகைப்பூ, வெற்றிலை எச்சில், எல்லாம் கலந்து ஒரு நாற்றம். மனிதர்கள் முகத்தையே பார்க்க முடியவில்லை, தாயி. வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். நான் படிப் பக்கம் போனேன். கீழே தண்ணீர் இருந்தது. அந்த ஊரில் அது ஒன்றுதான் எனக்கு அருவருப்பில்லாமல் தெரிந்தது.

நான் ஒன்றும் விழப் போகவில்லை. அதை நன்றாகக் கேட்டுக்கொள். முகம் கழுவத்தான் இறங்கினேன். படி ஈரம். ஈரக் கல் வழுக்கும்.

பின்னாலிருந்து ஒரு கை என் கொண்டையைப் பிடித்தது. இன்னொரு கை இடுப்பைச் சுற்றியது. மதினி. இழுத்த இழுப்பில் கழுத்து முறிந்துவிட்டது என்று நினைத்தேன். இப்போதும் மழை நாளில் வலிக்கிறது. ஊர் பார்க்க என் முடியைப் பிடித்து இழுக்கிறாள், என்ன பொறாமை பார். இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு, காதுக்குள், "எனக்குத் தெரியும்டி, எனக்குத் தெரியும்டி" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? அவளும் நடுங்கினாள். நானும் நடுங்கினேன். அந்த நேரம் பார்த்து உறுமிக்காரர் உறுமியை இழுத்தார்.

இதை நான் சொல்லியாக வேண்டும். மதினிக்கு வருஷா வருஷம் அருள் வரும். உறுமிக்காரர் உறுமியைத் தோளில் மாட்டும்போதே இவள் கொண்டையை அவிழ்த்துவிடுவாள். கண்ணை அரைக்கண்ணாக வைத்துக்கொண்டு, கால் இடறாத இடமாகப் பார்த்து ஆடுவாள். ஊரே அவளைத் தாயே தாயே என்று கும்பிடும். வருஷத்தில் அந்த ஒருநாள்தான் அவளை யாரும் கும்பிடுவது. சீ, அம்மன் பெயரால் பொய் சொல்கிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது.

இந்த வருஷம் அவளுக்கு வரவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவிழ்ந்தது என் கொண்டை. உதறியது என் உடம்பு. யாரோ, "வேலுத்தாய்க்கு வந்திருச்சு!" என்று கத்தினார்கள். குலவை போட்டார்கள். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். என் வீட்டுக்காரர் தீச்சட்டியோடு முன்னால் வந்து நின்றார். பூசாரி வேப்பிலையை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "யாரு வந்திருக்கிறது? உனக்கு என்ன வேணும் தாயே, சொல்லு!"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். இத்தனை மாசமாக நான் என்ன சொன்னாலும் காதில் வாங்காத ஆட்கள். கை கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு.

"மாத்திரையைக் குடுடா!" என்றேன்.

என் குரல் இல்லை அது. அப்படி ஒரு குரல் எனக்குக் கிடையாது. "என் பிள்ளைக்குக் குடுத்த மருந்தை எவன்டா பிடுங்கினது? உன் சர்க்கரைக்கு மாத்திரை தின்கிறியே, என் பிள்ளை மனசு உடம்புல இல்லாம உன் மில்லுலயா இருக்கு? டாக்டர் கையில இருக்கிறதும் நான்தான்டா! கொண்டா! உத்தரத்துல இருக்கு! கொண்டா!"

என் வீட்டுக்காரர் தீச்சட்டியை இறக்க முடியாமல் அழுதார். "சட்டியோட எப்படிப் போய் எடுக்கிறது" என்று தடுமாறுகிறார். மாரிக்கனி ஓடினாள். ஸ்டூல் போட்டு ஏறி, மஞ்சள் முடிச்சை எடுத்துக்கொண்டு, மார்பில் அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பூசாரி அதைத் தாம்பாளத்தில் வைத்து, அம்மன் காலடியில் காட்டி, ஒரு மாத்திரையை எடுத்துத் தீர்த்தத்தோடு என் வாயில் போட்டார். ஊரே குலவை போட்டது. "இனி ஒரு நாள் தவறக் கூடாது!" என்றேன். "தவறாது தாயே!" என்றார்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? மதினி ஆடுவதும் இதுவும் ஒன்றா? அவள் நடிக்கிறாள். எனக்கு வந்தது நிஜம்.

காப்பு அவிழ்த்த மறுநாளே செவ்வந்தி புருஷன் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். நிறுத்தியதற்குத் திட்டினார். திடீரென்று விட்டால் தலை சுற்றும், மின்சாரம் அடித்த மாதிரி இருக்கும், நோயும் திரும்பும், இதுதான் வந்திருக்கிறது என்றார். அளவைச் சரி பண்ணிக் கொடுத்தார். கிணற்றைப் பற்றி இரண்டு தடவை கேட்டார். ஈரக் கல் என்றேன். வீட்டில் ஆள் துணை இல்லாமல் இருக்கக் கூடாது, அப்படித் தோன்றினால் எந்த நேரமானாலும் வரவேண்டும் என்று மருமகனிடம் சொன்னார்.

"மறுபடி மாத்திரையை யாரும்மா வாங்கிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"அம்மன்."

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தார். "நல்ல அம்மன். அவங்க சொன்னபடியே கேளுங்க" என்றார்.

இப்போது மாத்திரை சாமி அலமாரியில், அம்மன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. காலையில் விளக்கேற்றி, எடுத்துக் கண்ணில் ஒற்றி, விழுங்குவேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நிற்பார். இன்றைக்குத்தான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். தொட ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒருத்திக்குத் தைரியம் இருந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அட்டையைப் பார்க்கிறேன், நடுவில் ஒரு குழி உடைந்திருக்கிறது. நான் ஓரத்திலிருந்து வரிசையாக உடைக்கிறவள். யார் என்று எனக்குத் தெரியாதா? அதற்கு முந்தின வாரம்தான் வந்து நின்றாள். "வேலு, அதுல ஒண்ணு குடேன். விடிய விடிய கண்ணு மூட மாட்டேங்குது. சோறு தொண்டையில இறங்க மாட்டேங்குது" என்றாள். "ஏன் மதினி, உங்களுக்குத்தான் வருஷா வருஷம் அம்மா வர்றாளே, அவகிட்டக் கேளுங்களேன்" என்றேன். மூலைக்குப் போய்விட்டாள். கடைசியில் சாமி அலமாரியில் கை வைத்துவிட்டாள். அம்மனுக்கே பயப்படாத பொம்பளை. அவள் கை பட்ட அட்டை என்று நினைத்தாலே குமட்டுகிறது.

ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் சாப்பிடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அது நோயாளிக்குச் சொன்னது. திருடிக்குச் சொன்னதா?

என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் ஒரு வழி பார்க்க வேண்டும் அல்லவா? சாமி அலமாரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். அம்மனையும் மாத்திரையையும் சேர்த்துப் பூட்டிவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் கிளம்பும்போது மதினி வாசலில் நின்றாள். தலையை வாரி, படிய வாரி, வெளுத்த சேலை கட்டி, கையில் ஒரு பை. "ஆஸ்பத்திரிக்கா வேலு?" என்றாள். "ஆமா" என்றேன். அப்படியே நின்றாள். "தலை வாரிட்டேன்" என்றாள். எனக்குச் சொன்னாளா, சுவருக்குச் சொன்னாளா, தெரியவில்லை. எங்கே கிளம்பினாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு எதற்கு? பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

இதோ பார் சாவி. தாலிக் கயிற்றில் கோத்திருக்கிறேன். கழுத்தை அறுத்தால்தான் எடுக்க முடியும்.